சாலையைக் குறுக்கே பாருங்கள்

(மறைமலை நகரில் நடந்த பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் நோட்டை எடுத்து என்னோடு சேர்ந்து போடலாம். நம் ஊர் வாசலில் ஓடும் ஜி.எஸ்.டி. சாலை, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை, எட்டு வழிச் சாலையாகிவிட்டது. ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் என்பது நெடுஞ்சாலைக்காரர்களின் அளவு. எட்டு வழிக்கு 28 மீட்டர். நடுத்தடுப்பையும் இரண்டு ஓரத்துத் தார்ப்பகுதியையும் சேர்த்தால் 35 மீட்டர் பக்கம் வரும். உடம்பு திடமாக இருப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அவருக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக 29 நொடி ஆகும். முழங்கால் வலியோடு நடக்கிற பாட்டிக்கு நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 44 நொடி. பாதிச் சாலையை மட்டும் கடந்து நடுத்தடுப்பில் நின்றுகொள்ளலாம் என்றாலும் அந்த 14 மீட்டருக்கு அவருக்குப் பதினேழரை நொடி வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பதினேழரை நொடியில் அது 390 மீட்டர் வந்துவிடும். அதாவது, ஏறக்குறைய நானூறு மீட்டருக்கு அப்பால் வருகிற ஒரு வண்டியைப் பார்த்து, அதன் வேகத்தைச் சரியாகக் கணித்த பிறகுதான் அந்தப் பாட்டி காலை எடுத்து வைக்க வேண்டும். கண்புரை உள்ளவரிடம், மாலை மங்கிய நேரத்தில், மழையில், இதை எதிர்பார்க்கிறோம். ஒரு நாள் அந்தக் கணிப்பு தவறினால் மறுநாள் செய்தித்தாளில் 'சாலையைக் கடக்க முயன்ற மூதாட்டி' என்று இரண்டு வரி வரும். தவறு அவருடையது என்பதுபோல.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். சாலையை நாம் எப்போதும் நெடுக்காகவே பார்க்கிறோம். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டுக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று கேட்கிறோம். அறிக்கைகளும் அப்படியே எழுதப்படுகின்றன. இந்தப் பக்கத்து மனிதர் அந்தப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போக எத்தனை நிமிடம் என்று எந்தச் சாலை அறிக்கையிலும் ஒரு பத்தி இருப்பதில்லை. ஆனால் சாலையோரம் வாழ்கிற ஊருக்குச் சாலை என்றால் முதலில் அதன் குறுக்குதான். நீளவாக்கில் போகிறவர் கடந்துபோய்விடுவார். குறுக்கே போகிறவர் இங்கேயே இருப்பவர்.

மறைமலை நகர் தானாக முளைத்த ஊர் அல்ல. திட்டம் போட்டுக் கட்டப்பட்ட ஊர். சென்னை நெரிசலைக் குறைக்க வேண்டும், வேலையும் வீடும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்று 1970களில் வகுத்த துணைநகரத் திட்டத்தில் பிறந்தது. அன்று எம்.எம்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இதை உருவாக்கியது. இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்த மறைமலையடிகளின் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் முகவரியில் என்.எச்.1, என்.எச்.2, என்.எச்.3 என்று எழுதுகிறீர்களே, அது தேசிய நெடுஞ்சாலை எண் இல்லை என்பது இங்கே உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அண்மைக் குடியிருப்பு அலகுகளின் எண்கள் அவை. வெளியூர்த் தபால்காரரைக் குழப்பும் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் அருமையான கருத்து இருக்கிறது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெரி என்பவர் 1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக அதை எழுதினார். ஒரு குடியிருப்புப் பகுதியின் நடுவில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் அதற்குக் கால் மைல், அதாவது நானூறு மீட்டர் அளவில்தான் நடை இருக்க வேண்டும். பெரிய சாலைகள் பகுதியின் விளிம்போடு போக வேண்டும். குழந்தை எந்தப் பெரிய சாலையையும் கடக்காமல் பள்ளி போய் வர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு இப்படியொரு பிறவிப் பேறு வாய்த்திருக்கிறது? நடப்பதற்கென்றே அளவெடுத்த ஊர் இது. பாவேந்தர் சாலை போன்ற உட்சாலைகள் அகலமானவை. தெருக்கள் நேராக ஓடுகின்றன. வீடு, பள்ளி, கடைத்தெரு, தொழிற்பேட்டை, ரயில் நிலையம் எல்லாம் பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அவசரமில்லாமல் மிதித்தாலே சைக்கிள் மணிக்குப் பன்னிரண்டு கி.மீ. போகும். அப்படியென்றால் இந்த ஊருக்குள் எங்கேயும் கால்மணி நேரம், இருபது நிமிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எண்பதாயிரத்துக்குச் சற்று மேல் மக்கள் இருந்தார்கள். இன்று எவ்வளவு பெருகியிருக்கிறோம் என்பது தெருவில் இறங்கினாலே தெரியும். இத்தனை பேருக்கும் போதுமான சாலை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிற சாலையில் நடக்கிறவருக்கும் மிதிக்கிறவருக்கும் உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டும். அதுதான் மிச்சமிருக்கிற வேலை.

அந்தப் பங்கு எங்கே போனது என்று பார்ப்போம்.

முதலில் நெடுஞ்சாலை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் கூடவே ஓடுகின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று வரிசையாக எந்த நிலையத்தில் இறங்கினாலும் பாதிப் பேருக்கு அடுத்த வேலை இந்தச் சாலையைக் கடப்பதுதான். ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கியவர் வெளியே வந்து மறுபடி ஒரு நடைமேம்பாலத்தில் ஏற வேண்டும். லாரிகள் போக வேண்டும் என்பதால் நெடுஞ்சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் இடைவெளி விடுவது விதி. பாலத்தின் தளத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் உயரம். ஒரு படிக்கு 15 செ.மீ. என்றால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. பணி முடித்து, கால் கடுத்து வரும் கம்பெனித் தொழிலாளி அதைப் பார்க்கிறார். எதிரே பேருந்து நிற்கிறது. தடுப்புக் கம்பியில் யாரோ ஏற்கெனவே ஓர் இடைவெளி செய்துவைத்திருக்கிறார்கள். அவர் அதில் நுழைந்து போகிறார். அவருக்கு ஒழுக்கமில்லை என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு மீட்டர் ஏற எஞ்சின் இருக்கிற வண்டியைத் தரையில் விட்டுவிட்டு, எஞ்சின் இல்லாத உடம்பை மேலே ஏறச் சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கிளாம்பாக்கம் நமக்கு மிக அருகில் உள்ள பாடம். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பெரிய கட்டடம், ஓய்விடங்கள், கடைகள் என்று வண்டிகளுக்கும் பயணிகளுக்கும் நல்ல வசதிகள் செய்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. ஆனால் திறந்த அன்று எதிரே ஓடுகிற தண்டவாளத்தில் நிலையமும் இல்லை, சாலைக்கு மேலே நடைமேம்பாலமும் இல்லை. இரண்டும் பிறகு வர வேண்டிய வேலைகளாக இருந்தன. மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்கள் மூட்டை முடிச்சோடு அந்தச் சாலையின் முன்னால் நின்றார்கள். நெடுக்காகப் பார்த்துத் திட்டம் போடும்போது பேருந்து முதலில் வருகிறது, மனிதர் கடைசியில் வருகிறார். இனிமேல் வரும் எந்தத் திட்டத்திலும், அது மெட்ரோ நீட்டிப்பாகவே இருந்தாலும், முதல் நாளே நடைவழி தயாராக இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இது உயிர்ப் பிரச்சினை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். யாரையும் இடிக்கும் வலு இல்லாதவர்கள் இவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வகைச் சாலை விபத்துகளிலும் இறந்தவர்கள் 17,884 பேர். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. நன்றியோடு சொல்ல வேண்டிய திட்டம். எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. அதே அக்கறை அந்த 48 மணி நேரத்துக்கு முந்தைய நொடிக்கும் வர வேண்டும்.

கோயம்புத்தூரில் எலும்பு, முதுகுத்தண்டு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவர் எஸ். ராஜசேகரன் அந்த முந்தைய நொடியைப் பற்றித்தான் யோசித்தார். அடிபட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர், 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு இன்றளவும் நடக்கிறது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களுக்கும் எஞ்சின் இல்லாத வண்டிகளுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் தட்டிய கதவு அது. திறந்திருக்கிறது. உள்ளே போய்க் கேட்க வேண்டியது நாம்.

இனி ஊருக்குள் வருவோம். நம் புறநகர்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். வடிகாலைக் கட்டுகிற பொறியாளர் தண்ணீர் ஓட வேண்டிய மட்டத்தைப் பார்க்கிறார். அது சரிதான், ஊரப்பாக்கமும் முடிச்சூரும் வெள்ளத்தில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் மூடியின் மேல் யாரோ நடக்கப் போகிறார் என்பது அவருடைய வரைபடத்தில் இல்லை. அதனால் ஓர் இடத்தில் மூடி சாலையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது, பத்து வீடு தள்ளி சாலைமட்டத்துக்கு இறங்குகிறது, அடுத்த வீட்டுக்காரர் வண்டி ஏற்ற சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறார், அதன் பின்னால் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி, அதையும் தாண்டினால் தூர்வாரத் திறந்து மூடாமல் விட்ட கல். நடப்பவர் நாலடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைவிட சாலையிலேயே நடக்கலாம் என்று இறங்கிவிடுகிறார். நடைபாதை போட்டோமே, யாரும் பயன்படுத்தவில்லையே என்று பிறகு அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த 2012ஆம் ஆண்டு வழிகாட்டி என்ன சொல்கிறது? நடைபாதை 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. கம்பம், மரம், பெட்டி எல்லாம் போக, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் கடந்துபோகிற அகலம் அது. 15 செ.மீ. என்பது ஒரு படியின் உயரம். அதற்கு மேல் போனால் மூத்தவர்கள் ஏற மாட்டார்கள், குழந்தை வண்டி ஏறாது. வேகத்தடைக்கும் இதேபோல அளவு உண்டு. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல வளைந்த முதுகு. நம் தெருக்களில் அவசரத்துக்குக் கொட்டிவைத்த மேடுகள் காரைக்கூடச் சரியாக நிறுத்துவதில்லை, சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பை ஒடிக்கின்றன. பள்ளிக்கூட வாசல்களில் மேடுக்குப் பதிலாக நடைபாதை மட்டத்திலேயே சாலையை உயர்த்திக் கடவுப்பாதை அமைக்கலாம். அப்போது குழந்தை சாலையில் இறங்காது, வண்டிதான் குழந்தையின் மட்டத்துக்கு ஏறி இறங்கும். யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய சாலைகளை வெட்டியவர்கள் இருபுறமும் புளியமரமும் வேம்பும் வைத்தது அதற்காகத்தான். அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் போனவை மரங்கள். அதற்குப் பிறகு நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்வது சரியான விசாரணை ஆகாது. உட்சாலைகளில் வண்டி நிறுத்தும் வரிசையில் நாலு வண்டிக்கு ஒரு மரம் என்று புங்கனும் தூங்குமூஞ்சியும் வைத்தாலே பத்தாண்டில் இந்த ஊரின் வெப்பம் மாறும்.

சைக்கிள் ஏழைகளின் வண்டி, வசதி வந்தால் விட்டுவிட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. தமிழ் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவிக்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாம் மிதித்தார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் கணவரையோ பேருந்தையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகமே படித்தது. பிறகு 2001இல் தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளி ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கியது. பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அந்தச் சைக்கிளால் பன்னிரண்டைத் தொட்டார்கள். இதோ முன்வரிசையில் இருக்கிற பெண்களில் அப்படி வாங்கியவர்கள் இருப்பீர்கள். அரசு உங்களுக்குச் சைக்கிள் கொடுத்தது. அதை ஓட்ட இரண்டு மீட்டர் இடம் கொடுக்கவில்லை. பாக்கியிருக்கிற கடன் அது. கேட்டுப் பெறுங்கள்.

கடல் தாண்டியும் ஒரு சாட்சி உண்டு. 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணத்தை இறுக்கியபோது பெட்ரோல் கிடைக்காமல் போனது. அந்தத் துயரத்தின் நடுவே ஆசிரியர், மருத்துவர், மாணவர், மணமக்கள், நோயாளிகள் எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். விறகும் மண்ணெண்ணெயும் குடும்பமும் சைக்கிளில் ஏறின. வேறு வழியில்லாததால் நேர்ந்த நிலை அது, யாரும் விரும்பிக் கேட்டதல்ல. ஆனாலும் ஒரு தமிழ் நகரம் பல ஆண்டுகள் சைக்கிளின் மேல் வாழ்ந்தது என்பது நிஜம். வெயிலும் புழுதியும் நம் ஊரைப்போலத்தான் அங்கேயும்.

நெதர்லாந்தைக் காட்டினால், அவர்கள் வேறு நாடு, அவர்கள் பழக்கம் வேறு என்பார்கள். அவர்களும் பிறக்கும்போதே சைக்கிள் பாதையோடு பிறக்கவில்லை. 1960களில் கார் பெருகி, சைக்கிள் ஓட்டிகள் ஒதுக்கப்பட்டு, 1971இல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரம் பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் எழுதினார். பெற்றோர் வீதியில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். எண்ணெய் நெருக்கடி வந்த 1973இல் கார் ஓடாத ஞாயிறுகள் அமலாயின. அங்கிருந்து படிப்படியாகக் கட்டினார்கள். இப்போது அங்கே ஆண்டுக்குச் சாலையில் இறப்பவர்கள் எழுநூறு பேர் அளவில்தான். மக்கள் கேட்டார்கள், அரசு செய்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. நாம் இன்றுதான் தொடங்குகிறோம்.

சென்னையிலேயே ஒரு நல்ல கொள்கை இருக்கிறது. 2014இல் சென்னை மாநகராட்சி எஞ்சின் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான மூலதனச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது, 2018க்குள் 80 விழுக்காட்டுத் தெருக்களில் 1.8 மீட்டர் நடைபாதை அமைப்பது என்று இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கு நிறைவேறவில்லை. ஆனால் அதன் உந்துதலில் 2019 நவம்பரில் தியாகராயர் சாலையில், பாண்டி பஜாரில், நடைபாதை அகலமாகி வளாகமாகத் திறந்தது. வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. இன்று மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். தாத்தா பாட்டியோடு குழந்தைகள் நடக்கிறார்கள், உட்கார்கிறார்கள், கடைக்குள் போகிறார்கள். நடக்கிறவர்தான் வாங்குகிறவர். நம் கடைத்தெரு வணிகர்களிடம் உரிமையோடு சொல்கிறேன், உங்கள் வாசலில் நிற்கும் நாலு பைக்குகளைவிட உங்கள் வாசலைக் கடக்கும் நானூறு கால்கள் பெரிய முதல்.

சாலையோர வியாபாரிகளைத் துரத்துவதல்ல நான் சொல்வது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. பூக்காரம்மாவும் இளநீர்க் கடைக்காரரும் இருக்கிற தெருவில்தான் இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் துணிவோடு நடப்பாள். நடைவழியை விட்டு, மரம் நிற்கிற பட்டையில் அவர்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் போதும்.

அடுத்து, எல்லோரும் நழுவுகிற இடத்துக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. ரயில் நிலையம் ரயில்வேக்கு. உட்சாலை நகராட்சிக்கு. மின்பெட்டி மின்வாரியத்துக்கு. பேருந்து நிறுத்தம் இன்னொருவருக்கு. கடவுப்பாதை மட்டும் யாருடையது? ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. இதற்காகத்தான் சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் என்ற கும்டா உருவானது. 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிந்தபோது நாமும் அதற்குள் வந்தோம்.  இந்தப் பெருநகருக்காக வகுக்கும் திட்டங்களில் கடவுப்பாதைக்கு ஒரு பொறுப்பாளர் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பெருங்களத்தூரிலிருந்து மகிந்திரா சிட்டி பக்கம் வரை ஏறக்குறைய 27 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். தூண்களின் மேல் போகும் சாலை. அதை எதிர்க்கவோ ஆதரிக்கவோ இன்று நான் வரவில்லை. ஆனால் அது வருமானால், திருச்சிக்கும் மதுரைக்கும் விரைகிற வண்டிகளெல்லாம் மேலே போய்விடும். அப்படியென்றால் கீழே உள்ள எட்டு வழிக்கு என்ன வேலை? அது இனி நெடுஞ்சாலையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஊர்ச்சாலையாகலாம். அதன் வேகத்தை நாற்பதுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு ரயில் நிலையத்துக்கும் நேர் எதிரே தரைமட்டத்தில் சிக்னல் போட்ட கடவுப்பாதை வைக்கலாம், பாட்டியின் நடைக்கு ஏற்ற நொடிகளோடு. ஓர வழி ஒன்றை இரண்டு பக்கமும் சைக்கிளுக்கு எடுத்து, தடுப்புக்கல் வைத்துப் பிரிக்கலாம். தூணும் கட்டி, கீழேயும் அதே வேகத்தில் விட்டால் இந்த ஊர்கள் நிரந்தரமாக இரண்டாகப் பிளந்துபோகும். பாலத்துக்கான வரைபடம் முடிவாகும் முன்பே கீழ்ச்சாலையின் வரைபடத்தை நாம் கேட்க வேண்டும். தூண் எழுந்த பிறகு கேட்டால், இடமில்லை என்ற பதில்தான் வரும்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே முதல் ஓடுகிறது. பேருந்தில் ஏறுகிற பெண்கள் பெருகினார்கள். ஒவ்வொரு பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. நிறுத்தத்துக்குப் போகும் வழி இருட்டாகவும் பள்ளமாகவும் இருந்தால் அந்த அரிய திட்டத்தின் பயன் பாதியாகிறது. நம் விளக்குக் கம்பங்கள் சாலையின் நடுவில் வெளிச்சம் கொட்டுகின்றன, ஓரம் இருட்டாகவே இருக்கிறது. அதே கம்பத்தில் தாழ்வாக இன்னொரு விளக்கைப் பாதையின் பக்கம் திருப்பி வைக்கலாம். இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்கு அது போதும்.

எங்கே கேட்பது? 2022இல் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நம் பக்கத்துத் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் உட்கார்ந்து குறை கேட்டார். குடிநீருக்கும் குப்பைக்கும் அங்கே குரல் எழுகிறது, நடைபாதைக்கு இன்னும் எழவில்லை. அடுத்த பகுதி சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஓர் அளவு நாடாவோடு நடங்கள். நடைபாதையின் உயரம் எங்கே 15 செ.மீ.யைத் தாண்டுகிறது, அகலம் எங்கே 1.8 மீட்டருக்குக் குறைகிறது, எந்த மூடி திறந்திருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று தெருப்பெயரோடு எழுதிக்கொண்டு போங்கள். அளவோடு எழுதிக் கொடுத்த மனுவை வாய்ப்பேச்சைப்போல ஒதுக்க முடியாது. தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் நகலை நகராட்சி ஆணையருக்கும் கும்டாவுக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டாமல் இருக்க.

கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் மூன்று குடியிருப்பு அலகுகளின் பெரிய வரைபடம் விரித்திருக்கிறது, பக்கத்தில் சிவப்புப் பேனா இருக்கிறது. உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியை வரையுங்கள். நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டங்கள் அதிகம் விழுகிற ஐந்து இடங்களைத்தான் முதல் மனுவில் வைக்கப் போகிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வார்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.